மேடைக்குப் பின்னால் நிற்பது யார்?

நமது சங்கங்களிலும் கிளைகளிலும் நாடகம் போடும் பழக்கம் இன்னும் செத்துவிடவில்லை. மே தினம் வந்தால், விவசாயத் தொழிலாளர் மகாநாடு வந்தால், டிசம்பர் 25-ம் தேதி வெண்மணித் தியாகிகள் தினம் வந்தால், எங்காவது நாலு தோழர்கள் கூடி, ஒரு கதையைக் கட்டி, ஒத்திகை பார்த்து, மேடை ஏறத்தான் செய்கிறார்கள். சினிமாவும் டெலிவிஷனும் செல்போனும் வந்து ஜனங்களின் பொழுதையெல்லாம் வாரிக்கொண்டு போன பிறகும், தன்னோடு ரிங் பிரேமில் நிற்கிறவன், தன்னோடு நடவு நடுகிறவள் மேடையில் நின்று பேசுவதைப் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள். இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் நாடகம் முடிந்த மறுநாள் நமது தோழர்கள் என்ன பேசுகிறார்கள்? கதாநாயகனாக நடித்தவனைத் தட்டிக் கொடுக்கிறார்கள். எழுதியவரைப் பாராட்டுகிறார்கள். மைக் கரகரத்தது, படுதா பாதியில் சிக்கிக்கொண்டது, போலீஸ் வேஷக்காரரின் உடுப்பு வந்து சேராததால் ஒரு காட்சியே விழுந்துபோயிற்று என்று யாராவது எடுத்துச் சொன்னால், "பரவாயில்லை, நம்ம ஆட்கள்தானே, ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

இந்தப் "பரவாயில்லை"யைத்தான் நாம் எதிர்க்கிறோம். நமது நாடகங்கள் பல இடங்களில் தோற்பதற்குக் காரணம் கதை மோசம் என்பதல்ல. நடிப்பு மோசம் என்பதுமல்ல. மேடைக்குப் பின்னால் ஒரு பொறுப்பான ஆள் இல்லாததே காரணம். இது ஏதோ சில்லறைக் குறை என்று ஒதுக்கத்தக்கதல்ல. இதில் ஜனங்களின் மரியாதை இருக்கிறது, பெண்களின் பாதுகாப்பு இருக்கிறது, சில சமயம் மனித உயிரே இருக்கிறது. ஆகவே இதைப் பற்றிக் கமிட்டிகள் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

பொறுத்துக்கொள்ளும் ஜனங்கள்

ஒரு மில் பகுதியில் கதவடைப்பைப் பற்றி நாடகம் போட்டார்கள். நல்ல நாடகம். மானேஜர் வந்து மில் கேட்டைப் பூட்டுகிறான். தொழிலாளர்கள் கேட்டின் முன்னால் உட்காருகிறார்கள். இதுதான் உச்சக் காட்சி. மானேஜர் வேஷம் போட்டவர் மேடைக்கு வந்தார். பூட்டு இல்லை. பூட்டைக் கொண்டுவர ஒப்புக்கொண்டவர் இரண்டாம் ஷிப்டுக்குப் போய்விட்டார். மானேஜர் வெறும் கையால் காற்றைப் பூட்டினார். ஜனங்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில், நிஜமாகவே மில் கதவு சாத்தப்பட்டு மாதக் கணக்கில் அடுப்பெரியாமல் தவித்த குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. அவர்கள் பட்ட கஷ்டம் மேடையில் கேலிக்கூத்தாகிப் போனது, ஒரு பூட்டுக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லாததால்.

உழைத்துக் களைத்த ஜனங்கள் தங்கள் தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு நடவுக்கு இறங்க வேண்டியவர்கள் தரையில் துண்டை விரித்து உட்காருகிறார்கள். பணக்காரன் சபாவுக்குப் போனால் அவனுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். பாட்டாளி என்றால் எப்படி இருந்தாலும் போதும் என்று யார் சொல்ல வேண்டும்? முதலாளி சொல்லலாம். நாம் சொல்லக் கூடாது.

மில் தொழிலாளிக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரிங் பிரேமில் நூல் ஓடுகிறது என்றால், அதற்கு முன்னால் புளோரூமில் பஞ்சு அடித்தவர் இருக்கிறார், கார்டிங்கில் நின்றவர் இருக்கிறார், தரையைக் கூட்டியவர் இருக்கிறார். விவசாயத் தொழிலாளிக்கும் தெரியும்: நாற்றங்கால் சரியில்லை என்றால் நடவு எவ்வளவு அழகாக நட்டும் பிரயோஜனமில்லை. நாடகத்திலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத உழைப்பை மதிக்காமல் உழைப்பைப் பற்றி நாடகம் போடுவது நமக்கு அழகல்ல.

நமது பாரம்பரியம் என்ன சொல்கிறது?

இந்திய மக்கள் நாடக மன்றம் 1943-ல் பம்பாயில் பிறந்தது. வங்கத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த ஆண்டு அது. அடுத்த ஆண்டு, 1944-ல், பிஜோன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' நாடகம் கல்கத்தாவில் மேடை ஏறியது. பஞ்சத்தில் அடிபட்ட விவசாயிகளின் கதை அது. மன்றத்தின் கலைக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டின. ரயிலேறி, சாமான் மூட்டைகளோடு, மொழி தெரியாத ஊர்களில் இறங்கி மேடை போட்டவர்களுக்கு ஏற்பாடு என்பது எவ்வளவு பெரிய வேலையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1937-லேயே கே. தாமோதரன் 'பாட்டபாக்கி' என்ற நாடகத்தை விவசாயிகள் சங்க மகாநாட்டுக்கென்றே எழுதினார். 1950-ல் கேரள மக்கள் கலைக் கழகம் தோன்றியது. 1952 டிசம்பரில் தோப்பில் பாசியின் 'நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்' நாடகத்தை அது சவராவில் அரங்கேற்றியது. 1953-ல் சர்க்கார் தடை போட்டது. கோர்ட்டில் அந்தத் தடை நிற்கவில்லை. அந்த நாடகம் ஆயிரக்கணக்கான மேடைகளைக் கண்டது. ஒரு நாடகத்தை ஒரு தரம் போடுவதற்கு உற்சாகம் போதும். ஆயிரம் தரம் போடுவதற்கு ஸ்தாபனம் வேண்டும்.

தமிழ்நாட்டில் டி.கே.எஸ். சகோதரர்கள், நவாப் ராஜமாணிக்கம் ஆகியோரின் கம்பெனிகள் மேடை ஒழுங்குக்குப் பெயர் பெற்றவை. குறித்த நேரத்துக்கு மணி அடிக்கும், திரை ஏறும். இதைச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பழைய பாய்ஸ் கம்பெனிகளில் சிறு பையன்களை அடித்து மிரட்டி வேலை வாங்கிய வழக்கமும் உண்டு. அந்தக் கட்டுப்பாடு நமக்கு வேண்டாம். மனமொப்பி ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடு நமக்கு வேண்டும். வேலைநிறுத்தத்தின்போது மறியல் முறை வைத்து, யார் எந்த கேட்டில் எத்தனை மணி வரை என்று எழுதி வைத்துத் தவறாமல் நிற்கிற தொழிலாளிக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதல்ல.

"வீதி நாடகத்துக்கு எதற்கு இதெல்லாம்?" என்று சில இளந்தோழர்கள் கேட்கிறார்கள். மேடை இல்லை, திரை இல்லை, விளக்கு இல்லை. ஆகவே நிர்வாகமும் இல்லை என்பது அவர்கள் வாதம். இது தப்பு. டில்லி ஜன நாட்டிய மஞ்ச் 1973-ல் தோன்றியபோது பெரிய மேடை நாடகங்களைத்தான் போட்டது. நெருக்கடி நிலைக்குப் பிறகு, அப்படிப்பட்ட நாடகங்களைத் தாங்கத் தொழிற்சங்கங்களிடம் பணம் இல்லை என்று கண்டு, 1978-ல் 'மெஷின்' என்ற வீதி நாடகத்தைத் தயாரித்தது. கால் மணி நேரம்கூட ஓடாத நாடகம் அது. கையில் இருப்பது எவ்வளவு, அதற்குள் என்ன செய்ய முடியும் என்று கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது. அதுதான் நிர்வாகம்.

1989 ஜனவரி 1-ம் தேதி, ஜண்டாப்பூரில் தொழிலாளர் மத்தியில் 'ஹல்லா போல்' நடந்துகொண்டிருந்தபோது குண்டர்கள் தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். தோழர் சப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிர் நீத்தார். ஜனவரி 4-ம் தேதி, அவருடைய மனைவி தோழர் மாலாஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடத்திக் காட்டினார்கள். துக்கத்தின் நடுவே, மூன்றே நாளில், குழுவைத் திரட்டி, வண்டி ஏற்றி, ஜனங்களைக் கூட்டி நாடகத்தை முடிப்பது கட்டுக்கோப்பான குழுவால் மட்டுமே முடிகிற காரியம்.

ஒத்திகைக்கு ஆள் சேருவதில்லை

நமது குழுக்களின் முதல் பிரச்னை நேரம். மில்லில் மூன்று ஷிப்டு. எட்டுப் பேர் நடிக்கும் நாடகம் என்றால் மூன்று பேர் முதல் ஷிப்டில் இருப்பார்கள், மூன்று பேர் இரண்டாம் ஷிப்டில் இருப்பார்கள், மீதிப் பேர் இரவு முழுக்க நின்றுவிட்டுப் பகலில் தூங்குவார்கள். ஷிப்டு வாரா வாரம் மாறும். எட்டுப் பேரும் ஒன்றாகக் கூடும் நேரம் வார விடுமுறை நாள் ஒன்றுதான். அன்றுதான் ரேஷன் கடை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், சங்கக் கூட்டம் எல்லாம். காவிரிப் பாசனப் பகுதியில் கதை வேறு. மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவையோ சம்பாவோ நடவு துவங்கிவிட்டால் பெண்கள் யாரும் ஒத்திகைக்கு வர முடியாது. அறுவடையிலும் அப்படியே.

இதற்கு வழி என்ன? முதலாவது, ஒவ்வொரு வேஷத்துக்கும் இரண்டு பேரைத் தயார் செய்ய வேண்டும். இது அனாவசியச் சுமை அல்ல. ஓவர்டைம் என்று மேஸ்திரி பிடித்து வைத்துக்கொண்டால் நாடகம் நிற்காமல் இருக்க இதுதான் ஒரே வழி. இரண்டாவது, எல்லோரும் வந்த பிறகுதான் ஒத்திகை என்று காத்திருக்கக் கூடாது. காட்சிகளைப் பிரித்து, முதல் ஷிப்டுக்காரர்கள் வரும் காட்சியை மாலையிலும், இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் காட்சியைக் காலையிலும் பார்க்கலாம். விடுமுறை நாளில் முழு ஒத்திகை. மூன்றாவது, கிராமங்களில் நாடகத் தேதியை சங்க ஆபீஸ் காலண்டரைப் பார்த்து வைக்காமல் வயலைப் பார்த்து வைக்க வேண்டும்.

இன்று மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் ஒரிசா, பீஹார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர் ஏராளமாக இருக்கிறார்கள். நமது நாடகத்தை அவர்கள் வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது நாடகத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அவருடைய ஷிப்டு, அவருடைய விடுதி கேட் மூடும் நேரம், இதையெல்லாம் விசாரித்து வைக்க வேண்டும். இதுவும் மேடைப் பொறுப்பாளர் வேலைதான்.

மேடையை எங்கே போடுவது?

கிராமத்தில் மேடை போடும் இடம் ஒரு அரசியல் பிரச்னை. ஊர்த் தெரு என்றும் காலனி என்றும் ஊர் இரண்டாகக் கிடக்கிறது. கோவில் திடலில் மேடை போட்டால், காலனிப் பெண்கள் கடைசியில் ஒதுங்கி நிற்பார்கள். பல ஊர்களில் வரவே மாட்டார்கள். காலனியில் போட்டால், ஊர்த் தெருவிலிருந்து வருகிற கூட்டம் குறையும். "கூட்டம் வேண்டும், ஆகவே கோவில் திடல்" என்று சிலர் சுலபமாக முடிவு கட்டுகிறார்கள்.

நமது அபிப்பிராயம் இதுதான்: விவசாயத் தொழிலாளி யாரிடமும் உத்தரவு கேட்காமல் முன்வரிசையில் வந்து உட்காரக்கூடிய இடத்தில்தான் நமது மேடை நிற்க வேண்டும். கூட்டம் குறைந்தாலும் அதுதான் சரி. பொது இடத்தில் போட முடிகிற ஊரில் அவசியம் போட வேண்டும். ஆனால் அங்கே யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைத் தொண்டர்கள் கவனித்து, காலனி ஜனங்களை முன்னால் அழைத்து உட்கார வைக்க வேண்டும். பறையடிக்க வந்த தோழருக்கு டீ எந்த டம்ளரில் வந்தது, சாப்பாடு எல்லோரோடும் ஒரே பந்தியில் நடந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். தீண்டாமையை எதிர்த்து மேடையில் வசனம் பேசிவிட்டு, மேடைக்குப் பின்னால் தனி டம்ளர் இருந்தால் அந்த நாடகம் பொய்.

இதற்குப் பிறகுதான் மற்றவை. மேலே மின்சாரக் கம்பி போகிறதா? தரை மேடா பள்ளமா, மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும்? காற்று எந்தப் பக்கம் வீசும்? பஸ் போகிற ரோடு எவ்வளவு தூரம்? இவற்றைப் பகலில் ஒரு தரமும் இருட்டிய பிறகு ஒரு தரமும் போய்ப் பார்க்க வேண்டும்.

உயிரோடு விளையாடக் கூடாது

மின்சார விஷயத்தில் நமது தோழர்கள் காட்டும் அலட்சியம் பயங்கரமானது. போஸ்டிலிருந்து கொக்கி போட்டுக் கரண்டு எடுப்பது இன்னும் நடக்கிறது. இது சட்ட விரோதம் என்பது இருக்கட்டும். உயிருக்கே உலை வைக்கும் காரியம். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு மனுக் கொடுக்க வேண்டும். அல்லது ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

கணக்கு மிகவும் சுலபம். 230 வோல்ட்டில் 1000 வாட் விளக்கு ஒன்று நாலரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். ஐந்து விளக்கு போட்டால் ஏறக்குறைய 22 ஆம்பியர். இதை ஒரு வீட்டுப் பிளக்கிலிருந்து ஒல்லி ஒயரில் இழுத்தால் ஒயர் சூடேறி உருகும். இன்று எல்.இ.டி. விளக்குகள் கிடைக்கின்றன, அவை இழுக்கும் கரண்டு மிகக் குறைவு. அவற்றைப் பயன்படுத்தினால் செலவும் குறையும், ஆபத்தும் குறையும். எதுவானாலும் கசிவு ஏற்பட்டதும் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் மெயினில் இருக்க வேண்டும். எர்த் இருக்க வேண்டும். மழைக்கால ஈர மண்ணில் இரும்பு மைக் ஸ்டாண்டை வெறுங்காலோடு பிடிப்பவர் நமது தோழர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மெயின் சுவிட்ச் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் நாடகம் முடியும் வரை நகராமல் நிற்க வேண்டும். மில்லில் எலக்ட்ரீஷியன் தோழர்கள் இல்லையா? அவர்களைக் கூப்பிடுங்கள்.

தீ அடுத்த ஆபத்து. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மின்கசிவால் கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டு, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16-ம் தேதி கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் கீற்றுக் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் கருகினார்கள். இதற்குப் பிறகும் கீற்றுக்கு அடியில் சூடேறும் விளக்கைக் கட்டுவதை என்னவென்று சொல்வது? விளக்குக்கும் கீற்றுக்கும், விளக்குக்கும் படுதாவுக்கும் இடைவெளி இருக்க வேண்டும். மேடையின் இரு பக்கமும் மணல் வாளி, தண்ணீர் வாளி இருக்க வேண்டும். ஒப்பனை அறையில் பீடி கூடாது. மீசை ஒட்டும் பசையும் ஸ்பிரிட்டும் நெருப்பு கண்டால் பிடித்துக்கொள்ளும். கூட்டம் வெளியேற இரண்டு வழி திறந்திருக்க வேண்டும்.

பெண் தோழர்கள்

நாடகத்தில் நடிக்கப் பெண்கள் வருவதில்லை என்று குறைப்படுகிறோம். வருகிற பெண்களுக்கு நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? உடை மாற்ற மறைவான இடம் இல்லை. மேடைக்குப் பின்னால் ஒரு பழைய படுதாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்பதே ஏற்பாடு. கக்கூஸ் இல்லை, ஆகவே பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். நாடகம் முடிந்து நடு ராத்திரியில் வீட்டுக்குப் போக வண்டி இல்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மறுநாள் புருஷன் வீட்டிலும் தெருவிலும் பேச்சுக் கேட்கிறார்கள். அடுத்த நாடகத்துக்கு அவர்கள் வராவிட்டால் யார் குற்றம்?

நாலு பக்கமும் அடைத்து, தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள அறை ஒன்று முதலில் ஏற்பாடாக வேண்டும். பக்கத்துத் தோழர் வீட்டைக் கேட்டு வாங்கலாம். யார் யாரை எந்த வண்டியில் யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கடைசிப் பெண் தோழர் வீடு போய்ச் சேர்ந்தார் என்ற செய்தி வந்த பிறகுதான் மேடைப் பொறுப்பாளர் தூங்கப் போக வேண்டும்.

பத்து மணியும் தலைவர்களின் பேச்சும்

முற்காலத்தில் நாடகம் விடிய விடிய நடந்தது. இன்று அப்படி முடியாது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி, திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல், 12 மணி வரை அனுமதிக்க ராஜ்ய சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை நம்பி நாம் திட்டம் போட முடியாது. பத்து மணி என்றால் பத்து மணிதான். சீக்கிரம் எழ வேண்டிய உழைப்பாளிக்கு இது நல்லதும்கூட.

இங்கேதான் ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு மணிக்குக் கூட்டம், ஏழரைக்கு நாடகம் என்று நோட்டீஸ் போடுகிறோம். கூட்டம் ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள். "இரண்டொரு வார்த்தைகள்" என்று எழுந்தவர் முக்கால் மணி பேசுகிறார். சால்வை போர்த்தும் படலம் வேறு. ஒப்பனை போட்ட தோழர்கள் வேர்த்து வழிந்து கொண்டு பின்னால் காத்திருக்கிறார்கள். ஒன்பதேகாலுக்கு மேடை கிடைக்கிறது. ஒன்றரை மணி நேர நாடகத்தை முக்கால் மணிக்குள் முடிக்க வேண்டும். எந்தக் காட்சியை வெட்டுவது என்று அங்கேயே சண்டை. கடைசியில் போலீஸ்காரர் வந்து மைக்கை நிறுத்தச் சொல்கிறார். உச்சக் காட்சி ஊமை நாடகமாகிறது. இதற்குப் போலீசைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேடைப் பொறுப்பாளருக்கு மணி அடிக்கும் அதிகாரம் வேண்டும். பேசுகிறவர் யாராக இருந்தாலும், மாவட்டச் செயலாளராகவே இருந்தாலும், நேரம் முடிந்தால் மணி அடிக்க வேண்டும். அவர் உட்கார வேண்டும். இது தலைவர்களுக்கு அவமரியாதை அல்ல. கமிட்டி எடுத்த முடிவுக்குத் தலைவரும் கட்டுப்பட்டவரே.

அனுமதி, கூலி, கணக்கு

1876-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாடகச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் புத்தகத்தில் இருந்து, 2018-ல்தான் ரத்து செய்யப்பட்டது. தமிழ்நாட்டின் 1954-ம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, நாடகக்காரர் ஞாநி தொடர்ந்த வழக்கில், 2013-ல் சென்னை ஹைக்கோர்ட் செல்லாது என்று தீர்த்தது. இதை நமது தோழர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் பொது இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வேண்டும். மனுவை நாட்கள் இருக்கும்போதே கொடுத்து, நகலில் சீல் வாங்கி, நாடகத்தன்று ஒரு பைலில் வைத்திருக்க வேண்டும். கேட்கிற அதிகாரியிடம் வாக்குவாதம் செய்வதைவிட காகிதத்தைக் காட்டுவது மேல்.

இன்னொரு விஷயம் நமது மானத்தைப் பற்றியது. மைக்செட்காரர், பந்தல் போடுபவர், ஜெனரேட்டர் ஆப்பரேட்டர், பறை, தவில், ஆர்மோனியக் கலைஞர்கள் எல்லோரும் உழைப்பாளிகள். நாடகம் முடிந்ததும், "அடுத்த வாரம் ஆபீசுக்கு வாங்க தோழர்" என்று அவர்களை அனுப்பிவிடுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கூலி பாக்கியை எதிர்த்துக் கொடி பிடிக்கிற நாம் கூலி பாக்கி வைக்கலாமா? பேசிய கூலியை அன்றைக்கே, மேடை பிரிப்பதற்கு முன்னால், கையில் கொடுக்க வேண்டும். பணம் போதாது என்றால் இரண்டு விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிலாளியின் கூலியைக் குறைக்காதீர்கள். இரவல் வாங்கிய வேட்டி, பானை, மண்வெட்டி, நாற்காலி எல்லாவற்றையும் எழுதி வைத்து மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். திரும்பாத ஒரு பித்தளைக் குடத்தால் ஒரு குடும்பமே சங்கத்தை விட்டு விலகிப் போகும்.

கமிட்டிகள் செய்ய வேண்டியது

நாடகம் போடத் தீர்மானிக்கும்போதே கமிட்டி ஒரு மேடைப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடிக்கத் தெரியாதவருக்கு ஒதுக்கும் மிச்ச வேலையாக இதை நினைக்கக் கூடாது. நிதானமும் கண்டிப்பும் உள்ள, எல்லோரோடும் பழகக்கூடிய தோழர் வேண்டும். பெண் தோழர்கள் இந்தப் பொறுப்பில் வந்தால் மிகவும் நல்லது. அவர் அந்த நாடகத்தில் நடிக்கக் கூடாது. நடித்தால் இரண்டும் கெடும்.

அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். நடிகர்கள் பெயர், ஷிப்டு, மாற்று ஆள்; காட்சிவாரியாகச் சாமான், அதற்குப் பொறுப்பாளி; விளக்கு எப்போது ஏற வேண்டும், பாட்டு எப்போது வர வேண்டும்; அனுமதி; வரவு செலவு; இரவல் சாமான்; வீடு கொண்டுபோய் விடும் பட்டியல். நோட்டில் உள்ளதைப் படம் பிடித்து எல்லோருடைய செல்போனுக்கும் அனுப்பலாம். ஆனால் நோட்டு இருக்க வேண்டும். செல்போன் சார்ஜ் தீர்ந்துபோகும். நாடகம் முடிந்த வாரத்தில் கமிட்டி கூடி, எது சரியாக நடந்தது, எது பிசகியது என்று பரிசீலித்து அதே நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டு அடுத்த பொறுப்பாளருக்குப் போக வேண்டும்.

நோட்டீசில் எழுத்தாளர், நடிகர் பெயர்களோடு மேடைப் பொறுப்பாளர், விளக்கு, உடை, ஒலி ஆகியவற்றைப் பார்த்தவர்கள் பெயரும் அச்சாக வேண்டும். முடிவில் மேடையில் அறிமுகம் செய்யும்போது அவர்களையும் முன்னால் அழைக்க வேண்டும்.

1923 மே 1-ம் தேதி சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடினார். நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. வருகிற மே தினத்துக்கு நாடகம் போட எண்ணியிருக்கும் ஒவ்வொரு சங்கமும் கிளையும், கதை யார் எழுதுவது என்று பேசுகிற அதே கூட்டத்தில், மேடைக்குப் பின்னால் யார் நிற்பது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பெயரை மினிட் புத்தகத்தில் எழுதிவிட்டு ஒத்திகையைத் துவக்குங்கள், தோழர்களே!